கொடிக்குப் பின்னால் வருகிறவர்

இல்லை தம்பி, கம்பை வாங்க வேண்டாம். அது என் கையிலேயே இருக்கட்டும். ஸ்டூலை மட்டும் கொஞ்சம் நிழல் பக்கமாகத் தள்ளிப் போடுங்கள், போதும். சுவரில் சாய்த்து வைக்கலாமே என்கிறீர்கள். சாய்க்கக் கூடாது. தரையிலும் வைக்கக் கூடாது. இது மாதா கொடி. எங்கள் ஊரில் தூக்கினால் வேளாங்கண்ணிக் கோயில் வாசலில்தான் இறங்கும். ராத்தங்கலுக்கு மணல் வாளி ஒன்று வைத்திருக்கிறோம், அதில் ஊன்றுவோம். ரோட்டில் நடக்கும்போது மனுஷன் கையில்தான் இருக்க வேண்டும்.

மாதாவே! இதோ, மறுபடி இழுக்கிறது. பாருங்கள், கெண்டைக்கால் எப்படி உருண்டு கல்லாக நிற்கிறது என்று. தொடாதீர்கள், தொடாதீர்கள். தொட்டால் உயிர் போகிறது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தால் தானாக விடும். விட்டதும் எழுந்திருப்பேன். எழுந்து நாலு எட்டு வைத்தால் மறுபடி பிடிக்கும். காலையிலிருந்து இதே கதைதான்.

எங்கள் கூட்டம் முன்னால் போய்விட்டது. நான்தான் போகச் சொன்னேன். அடுத்த ஊர் மண்டபத்தில் மதியக் கஞ்சி. எங்கள் கோயில் உபதேசியார் பிச்சைமுத்து சாமான் வேனைக் கூட்டிவரப் போயிருக்கிறார். வேன் வந்தால் என்னைத் தூக்கி உள்ளே போட்டுவிடுவார்கள். போட்டால் தீர்ந்தது. கொடி பிடிக்கிறவன் ஊர் எல்லையிலிருந்து கோயில் வாசல் வரை எந்த வண்டியிலும் ஏறக் கூடாது. சைக்கிள் கேரியரில்கூட உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அந்த நிமிஷமே கொடி அவன் கையை விட்டுப் போய்விடும். பின்னால் வருகிறவர் வாங்கிக்கொள்வார். எங்கள் கூட்டத்தில் அப்படித்தான் வழக்கம்.

பின்னால் வருகிறவர் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தட்டிக்குப் பின்னால் ஏதோ பாத்திரச் சத்தம் கேட்கிறதே. உள்ளே ஆள் இருக்கிறதா? வீட்டம்மாவா? சரி, சரி. தலையை ஆட்டுகிறீர்கள், அவர்களாகத்தான் இருக்கும். அப்படியானால் மெதுவாகவே சொல்கிறேன். பெண்கள் காதில் விழக் கூடாத சங்கதி ஒன்று இதில் இருக்கிறது.

இது என்ன? எலுமிச்சம்பழத் தண்ணீரா? உப்பும் போட்டிருக்கிறதா? வேண்டாம் தம்பி, வழியில் நான் எதுவும் குடிப்பதில்லை.

இல்லை, இல்லை, உங்களைத் தப்பாக நினைத்துச் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. பஞ்சர் கடை போர்டில் ஜெய்லானி என்று இருக்கிறதே, அது உங்கள் பேர்தானா? சரி. உங்களுக்கு எங்கள் மாதாவோடும் வழக்கில்லை, இந்தக் கொடியோடும் வழக்கில்லை. நான் நடந்தால் உங்களுக்கு என்ன, விழுந்தால் உங்களுக்கு என்ன? கொடுங்கள், குடிக்கிறேன். உங்கள் கையால் குடிக்கலாம்.

ம். நன்றாக இருக்கிறது. வெல்லம்கூடக் கொஞ்சம் கரைத்திருக்கிறார்கள் போலிருக்கிறதே. வீட்டம்மாவுக்குக் கைப்பக்குவம் இருக்கிறது.

என் பேர் சந்தியாகு. எங்கள் ஊர் லால்குடிக்கு வடக்கே. பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டராக இருந்தவன் நான். காலையில் மோட்டார் போட்டு மேல்தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாக வால்வு திறந்து தண்ணீர் விடுகிற வேலை. எந்தத் தெருவில் எத்தனை குடம் பிடிக்கிறார்கள், எவன் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறான், எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் அதிகம் பேசமாட்டேன். ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பேன். திருட்டு மோட்டார் வைத்தவன் முகம் வால்வு திறக்கும்போதே தெரிந்துவிடும். கொஞ்சம் அதிகமாகச் சிரிப்பான்.

எங்கள் சம்பந்தி என்னைப் பார்த்தால் அப்படித்தான் சிரிக்கிறார்.

அவர்தான் பின்னால் வருகிறவர். இன்னாசிமுத்து. என் மகள் பிரகாசியைக் கட்டியவருடைய அப்பா. இந்த வருஷம்தான் எங்கள் கூட்டத்தில் முதல் தடவை நடக்கிறார்.

இதற்கு முன்னால் எல்லா வருஷமும் எனக்குப் பின்னால் வந்தது முடியப்பன். என்னோடு பள்ளிக்கூடம் போனவன், என்னோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்தத் தவக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் பின்னால் வந்தவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போதுதான் அந்தச் சங்கதி வருகிறது, கொஞ்சம் கிட்டத்தில் வாருங்கள்.

மனுஷன் நடக்கும்போது ஒதுங்க வேண்டி வரும் இல்லையா? எனக்கு ப்ரெஷர் மாத்திரை வேறு. டாக்டர் கொடுத்திருக்கிற மாத்திரை உடம்பில் இருக்கிற தண்ணீரையெல்லாம் இழுத்து வெளியே விடுகிற மாத்திரை. நான் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. முன்னாலே நான் நடக்கிறேன், எனக்குப் பின்னால் முப்பது நாற்பது பேர், பாதிப் பேர் பெண்கள். கொடியைத் தரையில் வைக்க முடியாது. கொடியோடு ஒதுங்கவும் முடியாது, அது பாவம். அப்போது முடியப்பன் ஒரு வேலை செய்வான். நான் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தால் போதும். கொடியை வாங்கிக்கொண்டு, "எல்லாரும் கொஞ்சம் வேகமா நடங்க, ஜெபமாலை சொல்லிக்கிட்டே நடங்க" என்று சத்தம் போடுவான். பெண்கள் முன்னால் போய்விடுவார்கள். நான் ஒரு கருவேல மரத்துப் பக்கம் போய்விட்டு வருவேன். யாருக்கும் தெரியாது. வந்ததும் கொடியை என் கையில் கொடுத்துவிடுவான். ஒரு தடவைகூட, "நான் கொஞ்ச தூரம் பிடிச்சுட்டு வரேன்டா" என்று கேட்டதில்லை. அவன் அப்படி.

முடியப்பன் போனதும் அந்த இடம் காலியாகிவிட்டது. உபதேசியார் யாரைப் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சம்பந்தி பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். நானே இருக்கிறேன் என்று கேட்டு வாங்கியிருக்கிறார். கேட்டு வாங்கினார், தம்பி. யாரும் கூப்பிடவில்லை. முதல் தடவை நடக்க வருகிறவர் கூட்டத்தில் கடைசியில் நடந்து பழகலாமே. கொடிக்குப் பின்னால் எதற்கு?

நான் உபதேசியாரிடம் கேட்டேன். "சம்பந்திக்குச் சம்பந்தி ஒத்தாசையா இருக்கட்டுமேண்ணே" என்றார். அவர் படித்தவர். படித்தவர்களுக்கு இதெல்லாம் தெரியாது.

கிளம்புகிற அன்றைக்கே சம்பந்தி ஆரம்பித்துவிட்டார். ஊர்க் கோயில் வாசலில் பூசை முடிந்து எல்லாரும் காவித் துண்டு கட்டிக்கொண்டு நிற்கிறோம். இவர் என்ன செய்கிறார் தெரியுமா? வேப்பமரத்தில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, ஒரு காலைப் பின்னால் நீட்டி, மரத்தைத் தள்ளுகிறார். அந்தக் காலத்தில் கபடி ஆடினவராம். "சம்பந்தி, நீங்களும் வாங்க. கெண்டைய நல்லா நீட்டி விட்டுட்டு நடந்தா பிடிக்காது" என்கிறார். அத்தனை பெண்களுக்கு முன்னால் நான் மரத்தைத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டுமாம். எதற்கு? நமக்கு வயதாகிவிட்டது, கால் ஒத்துழைக்கவில்லை என்று எல்லாரும் பார்ப்பதற்கு. நான் கேட்காதது மாதிரி கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன். கொஞ்சம் வேகமாகவே நடந்தேன். என் கால் எப்படி இருக்கிறது என்று அவரும் பார்க்கட்டுமே.

"மெதுவா சம்பந்தி, மொத நாளு மெதுவாப் போவோம்." பின்னாலிருந்து குரல் வருகிறது. நான் நடையை இன்னும் எட்டிப் போட்டேன்.

இன்னொரு டம்ளரா? கொடுங்கள். நாக்கு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது.

எப்போதிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை என்றா கேட்கிறீர்கள்? நடக்கிற நேரத்தில் குடிப்பதில்லை. ராத்தங்கல் போனதும் ஒரு டம்ளர், படுக்கும்போது வாய் கொப்பளிக்க ஒன்று. கஞ்சிகூட ஒரு கரண்டிதான். இரண்டாவது கரண்டி வாங்கினால் அது எங்கே போகும்? ஒதுங்கத்தான் போக வேண்டும். ஒதுங்க வேண்டுமானால் கொடியைப் பின்னால் வருகிறவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் அவர் திருப்பிக் கொடுப்பார் என்று என்ன நிச்சயம்? "சம்பந்தி களைப்பா இருக்கீங்க, கொஞ்ச தூரம் நானே பிடிச்சுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே நடந்துவிட்டால் நான் எல்லார் முன்னாலும் பறிக்கவா முடியும்? அதனால் நான் ஒரு முடிவு செய்துகொண்டேன். குடிப்பதுமில்லை, ஒதுங்குவதுமில்லை. விடியற்காலையில் போய்விட்டு வந்தால், பிறகு சாயங்காலம்தான். இத்தனை நாளும் கொடி ஒரு நிமிஷம்கூட என் கையை விட்டு இறங்கவில்லை.

தண்ணீர் குடிக்காததால்தான் கால் பிடிக்கிறதா? என்ன தம்பி நீங்கள். எனக்கா தண்ணீரைப் பற்றிச் சொல்கிறீர்கள்? ஊருக்கே தண்ணீர் விட்டவன் நான். தண்ணீர் வயிற்றுக்குப் போகிறது. கால் எங்கே இருக்கிறது?

இதற்குக் காரணம் வேறே. சொல்கிறேன், கேளுங்கள். அந்த எண்ணெய்.

தஞ்சாவூர் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினோம். அன்று லேசாகக் கால் கடுத்தது. கடுத்தது, அவ்வளவுதான், பிடிக்கவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. இவருக்கு எப்படித் தெரிந்ததோ, ஒரு சின்னப் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தார். விளக்கெண்ணெயில் எதையோ போட்டுக் காய்ச்சினதாம். "காலக் குடுங்க சம்பந்தி" என்கிறார். சம்பந்தி போய் நம் காலைத் தொடுவதா! எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. வேண்டாம் என்று இழுத்துக்கொள்வதற்குள் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். தேய்க்கும்போது சுகமாகத்தான் இருந்தது. அங்கேதான் நான் ஏமாந்தேன். மறுநாள் மத்தியானம், வெயிலில், முதல் தடவை கெண்டை பிடித்தது. எண்ணெய் போடுகிறவரைக்கும் பிடிக்கவில்லை, போட்ட மறுநாள் பிடிக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அதற்குப் பிறகு அந்த பாட்டிலை நான் கிட்டவே விடவில்லை. ஆனால் பிடிப்பது நிற்கவில்லையே! உள்ளே இறங்கிவிட்டது.

அப்புறம் தண்ணீர் பாட்டில். அவர் பையில் ஒரு பெரிய பாட்டில். அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளையாக எதையோ கொட்டிக் குலுக்குவார். என் கண்ணால் பார்த்தேன். "உப்புதான் சம்பந்தி. வேர்வையில உப்பு போயிரும், அத உள்ள ஏத்தணும். ஒரு மடக்கு, ஒரு மடக்கா குடிச்சுக்கிட்டே நடங்க." தொட்டதற்கெல்லாம் நீட்டுவார். நடந்தால் நீட்டுவார், நின்றால் நீட்டுவார். ஒரு மனுஷனுக்கு இன்னொரு மனுஷன் ஏன் இத்தனை தடவை தண்ணீர் கொடுக்க வேண்டும்? நான் யோசித்தேன். குடித்தால் எனக்கு என்ன ஆகும்? ஒதுங்க வேண்டி வரும். ஒதுங்கினால்? கொடி அவர் கைக்குப் போகும். இப்போது புரிகிறதா?

முகத்துக்கு முன்னால் மறுக்க முடியாது, சம்பந்தி இல்லையா, அதனால் வாங்கிக்கொள்வேன். வாயில் வைப்பது மாதிரி வைத்து, அவர் திரும்பின நேரம் பார்த்து ரோட்டோரத்தில் ஊற்றிவிடுவேன். ஒரு தடவை அடைக்கலம்மாள் பார்த்துவிட்டாள். எங்கள் கூட்டத்தில் பாட்டு எடுத்துக் கொடுக்கிறவள். வாய் அதிகம். "என்னண்ணே, மைல்கல்லுக்குத் தண்ணி ஊத்தி வளக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தியும் சிரித்தார். எதற்கு ஊற்றினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுபடியும் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார். சாதாரண மனுஷனாக இருந்தால் கோபம் வர வேண்டாமா? கோபமே வராதவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

அடைக்கலம்மாள் இன்னொன்றும் சொன்னாள். "இன்னாசி அண்ணன் உங்க பின்னால எப்படி வர்றாரு தெரியுமா? நடை பழகுற புள்ள பின்னால வர்ற மாதிரி ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கிட்டே வர்றாரு." அவள் கேலியாகச் சொன்னாள். எனக்குப் பகீர் என்றது. கையை எதற்கு நீட்டுகிறார்? கம்புக்குத்தான்.

"அண்ணனுக்கு அந்தக் கம்பு பொண்டாட்டி மாதிரி, யார் கையிலயும் குடுக்க மாட்டாரு" என்றும் சொன்னாள். அதைச் சபையில் சொல்லலாமா? எனக்குத் தலை நிமிரவே முடியவில்லை.

கொடி இல்லை தம்பி விஷயம். கொடி பிடித்துப் பேர் வாங்குகிற வயதா எனக்கு?

பிரகாசிக்கு இரண்டு தடவை தங்கவில்லை. முதல் தடவை நாலாம் மாதம். இரண்டாவது... அதைப் பற்றி நான் பேசுவதில்லை. இப்போது ஏழாம் மாதம் நடக்கிறது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். கட்டிலை விட்டு அதிகம் இறங்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். நான் நேர்ந்துகொண்டேன். ஊர் எல்லையிலிருந்து கோயில் வாசல் வரை, ஒரு வண்டி ஏறாமல், கொடியை நானே கொண்டுவந்து சேர்க்கிறேன், தாயே, பிள்ளையை நீ கொண்டுவந்து சேர் என்று. வெளியே யாருக்கும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும். கிளம்பும்போது பிரகாசி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொடியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டிவிட்டு வந்தேன்.

இப்போது நான் வேன் ஏறினால் என்ன அர்த்தம்? சொல்லுங்கள்.

இவருக்கு இதில் என்ன வந்தது? நேற்றுச் சாயங்காலம் நடந்துகொண்டே, "எனக்கும் பேரனோ பேத்தியோதானே சம்பந்தி" என்றார். அவரிடம் நான் எதுவும் பேசவே இல்லை, அவராகச் சொன்னார். வாயால் யாரும் சொல்லலாம். கஷ்டப்படுகிறது என் மகள். இவருக்குப் பேரன் பிறந்தால் தோளில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

காலை நீட்டவா? எப்படி? முட்டியை மடக்காமல் நீட்டி, பாதத்தை முகத்துப் பக்கம் இழுக்க வேண்டுமா? துண்டைப் பாதத்தில் கொடுத்து இழுக்கலாம் என்கிறீர்களா? ஒரு கையால்தான் முடியும், இன்னொரு கையில் கொடி. மெதுவாக... மெதுவாக... ஆங். வலிக்கிறது. ஆனால் இது வேறே வலி. இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டுமா? சரி.

இதையேதான் இன்று காலையில் அவரும் சொன்னார். நான் ரோட்டில் உட்கார்ந்துவிட்டபோது ஓடி வந்து பாதத்தைப் பிடித்தார். "விரலை மேல இழுங்க, அமுக்காதீங்க, மேல இழுங்க" என்று கத்தினார். நான் காலை உதறிவிட்டேன். அவர் சொல்லும்போது செய்யத் தோன்றவில்லை. நீங்கள் சொல்கிறீர்கள், செய்கிறேன். உங்களுக்கு இது எப்படித் தெரியும்? பஞ்சர் ஒட்டுகிறவர்களுக்குக் குத்தவைத்து உட்கார்ந்து கெண்டை பிடிக்கும் போலிருக்கிறது.

முக்கியமானதை விட்டுவிட்டேனே. நேற்று ராத்தங்கலில், கூடத்து ஓரத்தில் நான் துண்டை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். சம்பந்தி உபதேசியாரிடம் சொல்கிறார்: "இப்படியே போனா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள விழுந்துருவாரு." என் காதால் கேட்டேன். உபதேசியார், "வேன்ல ஏத்திருவோமா?" என்று கேட்கிறார். இவர் என்ன சொன்னார் தெரியுமா? "வேணாம், வேணாம். ஏறமாட்டாரு. ஏத்தக் கூடாது. நான் பின்னாலயே இருக்கேன்."

விழுவேன் என்று முந்தின நாளே தெரிந்திருக்கிறது. நாள், நேரம் எல்லாம் சொல்கிறார். தேய்த்தவருக்குத்தானே தெரியும் எப்போது பிடிக்கும் என்று? சொன்ன மாதிரியே இன்று விழுந்தேன்.

ஏத்தக் கூடாது என்று ஏன் சொன்னார் என்றா கேட்கிறீர்கள்? அது... அதுதான் எனக்கும் பிடிபடவில்லை. விடிய விடிய யோசித்தேன். வேனில் ஏற்றினால்தானே கொடி அவருக்கு. ஏற்ற வேண்டாம் என்கிறாரே. அதற்குள் என்ன வைத்திருக்கிறாரோ. நல்லவர் என்று பேர் எடுப்பதற்காக இருக்கலாம். பெரிய ஆள்தான்.

கால் கொஞ்சம் இளகின மாதிரி இருக்கிறதே! தொட்டுப் பார்க்கிறேன். ஆமாம், உருண்டை கரைந்துவிட்டது. அந்தத் தண்ணீர் இன்னும் இருக்குமா? கேட்டுப் பாருங்கள். வீட்டம்மாவுக்குத் தொந்தரவு. ஒரு டம்ளர் போதும். மடக்கு மடக்காகவே குடிக்கிறேன். என்னைப் பெற்றவள் மாதிரி உப்புப் பார்த்துப் போட்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள், சந்தியாகு என்று ஒருவன் கோயிலில் உங்கள் வீட்டுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவான் என்று. உங்கள் வழக்கத்தில் அது ஆகுமோ ஆகாதோ, நான் ஏற்றிவிடுகிறேன்.

என்ன சிரிக்கிறீர்கள்?

பொறுங்கள். அந்தச் செருமல். தட்டிக்குப் பின்னால் இப்போது செருமினது யார்?

அது பெண் குரல் இல்லையே. அந்தச் செருமல் எனக்குத் தெரியும். ஊரிலிருந்து என் பிடரிக்குப் பின்னாலேயே கேட்டுக்கொண்டு வருகிற செருமல் அது. தட்டியை விலக்குங்கள் தம்பி. விலக்குங்கள் என்கிறேன்.

ஆக, இங்கேதான் இருக்கிறீர்கள்.

டயர் மேல் உட்கார்ந்துகொண்டு எலுமிச்சம்பழம் பிழிகிறார் பாருங்கள்! கூட்டத்தோடு போங்கள் என்று சொன்னேன் இல்லையா, போனது மாதிரிதானே இருந்தது? வாய்க்கால் வரைக்கும் போய்விட்டுக் கொல்லைப் பக்கமாகத் திரும்பி வந்தீர்களா? முதல் டம்ளரிலிருந்தா? பாதத்தை இழுக்கச் சொன்னதும் நீங்கள்தானா? ஜெய்லானித் தம்பி, நீங்களும் இதில் கூட்டா? வீட்டம்மா என்றபோது தலையை ஆட்டினீர்களே!

நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாரா? எல்லாவற்றையுமா? அந்தச் சங்கதி... ஒதுங்குகிற சங்கதி...? சரி. பிரகாசிக்காக நேர்ந்துகொண்டதும் காதில் விழுந்திருக்கும். சரி.

என்ன சொல்கிறீர்கள் சம்பந்தி? சத்தமாகச் சொல்லுங்கள். "நான் குடுத்தா நீங்க குடிக்க மாட்டீங்க, அதனாலதான் இவர் கையில குடுத்தனுப்பினேன்" என்கிறீர்களா? கண் எதற்கு இப்படிச் சிவந்திருக்கிறது? எலுமிச்சம்பழம் தெறித்ததா? இருக்கும்.

பார்த்தீர்களா தம்பி, நான் முதலிலேயே சொன்னேனா இல்லையா? இவர் சாதாரண ஆள் இல்லை. நினைத்ததை முடித்துவிட்டார். ஊரிலிருந்து இத்தனை தூரம் ஒரு மடக்குகூட இறக்காமல் வந்தேன், கடைசியில் உங்கள் கையால் மூன்று டம்ளரைக் குடிக்க வைத்துவிட்டார்.

அதுவும் இப்போது...

ரோட்டில் அது என்ன ஹாரன்? எங்கள் வேன்தானே? உபதேசியார் முன்னால் உட்கார்ந்து கையை ஆட்டுகிறார். தம்பி, நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். போய் அவரிடம் சொல்லுங்கள், சந்தியாகு அண்ணன் ஏறமாட்டார், நடந்து வருகிறார் என்று. எழுந்து நிற்கிறேன், பாருங்கள். நிற்கிறது. கால் நிற்கிறது.

ஆனால் நடப்பதற்கு முன்னால்... மூன்று டம்ளர் தம்பி. மாத்திரை வேறு. வேனில் பெண்கள் யாராவது வந்திருக்கிறார்களா? அடைக்கலம்மாளா? அவளை ஏன் கூட்டிவந்தார்! அந்தக் கருவேல மரம் வரைக்கும் நான் போக வேண்டும். இப்போதே போக வேண்டும்.

நீங்கள் கொடியைப் பிடிக்க முடியாது தம்பி, வழக்கமில்லை. பின்னால் வருகிறவர்தான் பிடிக்கலாம்.

சம்பந்தி. கையைக் கழுவிக்கொள்ளுங்கள், எலுமிச்சம்பழம் ஒட்டியிருக்கிறது. துண்டில் துடையுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள். மேலே பிடிக்காதீர்கள், துணி சுருங்கும், இந்தக் கீழ்க் கணுவில். ஆங், அப்படி. நேராக. இந்த இடத்தை விட்டு ஓரடி நகரக் கூடாது. நான் உடனே வந்துவிடுவேன். பெண்களைக் கொஞ்சம்... ஏதாவது ஒரு ஜெபம் சொல்லச் சொல்லி அந்தப் பக்கம் திருப்புங்கள். முடியப்பன் அப்படித்தான் செய்வான். சத்தமாகச் சொல்ல வேண்டும்.

ஜெய்லானித் தம்பி, இங்கே வாருங்கள். கிட்டத்தில். நான் வருகிறவரைக்கும் அவர் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, அவருடைய தண்ணீர் பாட்டிலில் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கொட்டிவிட வேண்டாம். வழிக்கு ஆகும்.